‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொன்ன பிறகு

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு. மூன்று வருடத்துக்கு முன் லேசாகப் பக்கவாதம் வந்து, தேறி, கடைத்தெரு வரை நடந்து போய்வந்தார். ஐந்து வாரத்துக்கு முன் மறுபடி வந்தது. மூளையின் இடது பக்கம் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. கண் திறக்கிறார், எங்களை அடையாளம் தெரிகிறதா என்று புரியவில்லை. மூக்கில் டியூப் வைத்துத்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இரண்டு முறை நிமோனியா. ‘இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று போன வாரம் அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ‘பணம் அனுப்புறேன், பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் சேர்’ என்கிறான். இடுப்புக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்திருக்கிறது. நெஞ்சில் சளி கரகர என்கிறது. ‘வாயில ரெண்டு சொட்டு காப்பியாவது விடட்டுமா’ என்று அம்மா தினமும் கேட்கிறார். நாங்கள் செய்வது சரியா? முடிவு நெருங்கினால் எப்படித் தெரியும்?
— ஒரு வாசகி, மன்னார்குடி அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘செய்ய ஒன்றுமில்லை’ என்பது பாதிதான் உண்மை. செத்துப்போன மூளைப் பகுதியை உயிர்ப்பிக்க இனி ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். வலி இல்லாமல், மூச்சுத் திணறாமல், புண் பெருகாமல், நாற்றமில்லாமல் அவரை வைத்திருக்கச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குத்தான் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்று பெயர். அதன் கடைசிக் கட்டம்தான் ஹாஸ்பிஸ். நம் ஊரில் இதைப் புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிட்டோம். அதனால் பக்கவாத நோயாளியை அனுப்பும்போது இந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

புற்றுநோயில் இறக்கம் கண்ணுக்குத் தெரியும். பக்கவாதம் அப்படியல்ல. ஒரே நாளில் ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். அடுத்த நிமோனியா வந்தால் இன்னொரு படி கீழே. அதனால் ‘எத்தனை நாள் இருப்பார்’ என்ற கேள்விக்கு நேர்மையான எந்த டாக்டரும் தேதி சொல்ல மாட்டார். ‘போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி’ என்று நீங்களே எழுதிவருவதுதான் உதவும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கண் நம்மைப் பின்தொடர்கிறதா, இடது கையால் எதையாவது பிடிக்கிறாரா, காய்ச்சல், மலம், சிறுநீர், எத்தனை மில்லி உள்ளே போனது: நாளுக்கு ஐந்து வரி எழுதுங்கள்.

இப்போது தம்பி விஷயம். ஐசியூ என்பது, தற்காலிகமாக நின்றுபோன ஓர் உறுப்பைத் தாங்கிப் பிடித்து, அது மீண்டதும் ஆளை வெளியே அனுப்பும் இடம். அப்பாவுக்கு வரும் நிமோனியாவின் காரணம் நுரையீரலில் இல்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாத தொண்டையில் இருக்கிறது. வென்டிலேட்டர் வைத்து இந்த நிமோனியாவைத் தாண்டினாலும் தொண்டை அப்படியேதான் இருக்கும். அடுத்ததும் வரும். தம்பியிடம் ‘சேர்க்க வேண்டாம்’ என்று வாதாடாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்குக் குற்ற உணர்ச்சிதான் பணமாகப் பேசும். டாக்டரோடு ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்து, தம்பியையே மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஐசியூவில் சேர்த்தால் எது சரியாகும்? எது சரியாகாது? சரியானால் அப்பா எந்த நிலையில் வீட்டுக்கு வருவார்? அனுப்புகிற பணத்துக்கு ஏர் பெட்டும் (காற்றடைத்த மெத்தை) இரவு பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் ஏற்பாடு செய்தால் அது அப்பாவின் முதுகுக்கு நேரடியாகப் போய்ச் சேரும்.

நாங்கள் குடும்பங்களுக்குச் சொல்வது ஒரு கெடு வைத்துப் பார்க்கும் முறை. டியூப் உணவு, மருந்து, பிசியோதெரபி எல்லாவற்றையும் இன்னும் மூன்று வாரம் முழு மனதோடு செய்யுங்கள். பக்கவாதத்தில் தேறுவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். இந்த வயதில், இரண்டாவது தாக்குதலுக்குப் பிறகு, ஐந்து வாரமாக அசைவே இல்லையென்றால் வாய்ப்பு குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. மூன்று வாரம் கழித்து நோட்டை வைத்துக்கொண்டு டாக்டரும் குடும்பமும் உட்காருங்கள். ஏதேனும் ஒரு படி ஏறியிருந்தால் தொடரலாம். இறங்கியிருந்தாலோ மூன்றாவது நிமோனியா வந்துவிட்டாலோ, இனி ஆஸ்பத்திரி வேண்டாம், சௌகரியம் மட்டும் போதும் என்று முடிவெடுக்கலாம். அன்று கேட்க வேண்டியது ‘நமக்கு என்ன வேண்டும்’ என்பதை அல்ல. அப்பா ஒரு நிமிடம் பழைய அப்பாவாக எழுந்து, இந்தக் கட்டிலில் கிடப்பவரைப் பார்த்தால் என்ன சொல்வார்? அம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்கும்.

வீட்டில் வைத்துப் பராமரிப்பது கருணைக்கொலை அல்ல, சட்ட விரோதமும் அல்ல. உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து 2023 ஜனவரியில் எளிமையாக்கிய நடைமுறை, ஆஸ்பத்திரியில் உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவதற்கோ தொடங்காமல் விடுவதற்கோ உரியது. அங்கே மூன்று மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்புதல் தர வேண்டும். வீட்டிலிருக்கும் உங்களுக்கு அது தேவைப்படாது.

டியூப்

மூக்கு டியூப்பில் நடக்கும் தவறுகளில் பல அவசரத்தால் வருபவை. ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடித்தபின் முக்கால் மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்து, முதுகுக்குக் கீழே தோளிலிருந்து இடுப்பு வரை சாய்மானம் கொடுங்கள்.

மூக்கு நுனியில் டியூப் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஊட்டுமுன் கோடு நகர்ந்திருக்கிறதா, வாய்க்குள் டியூப் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுங்கள். வயிற்று நீர் வரும். முந்தைய உணவே 200 மில்லிக்கு மேல் திரும்ப வந்தால் அதை மெதுவாக உள்ளேயே விட்டு, அந்த வேளையைத் தள்ளிப்போடுங்கள். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பது பழைய வழக்கம்; டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும், அதை நம்ப வேண்டாம். கோடு நகர்ந்திருந்தாலோ, ஊட்டத் தொடங்கியதும் இருமலும் மூச்சிரைப்பும் வந்தாலோ நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, குழலை அவர் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றினால் உணவு தானாக இறங்கும். 200 மில்லி இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். தண்டை வைத்துத் தள்ளினால் வயிறு உப்பி, எதிர்த்து வந்து நுரையீரலுக்குப் போகும். முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீரை ஆறவைத்து விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு ஆறு வேளை பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். சத்துமாவுக் கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் எதுவானாலும் மெல்லிய துணியில் வடிகட்டாமல் விடாதீர்கள். கேழ்வரகுக் கூழ் ஆறியதும் இறுகி டியூப்பை அடைக்கும், இசப்கோலும் அப்படித்தான். டியூப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு, அதன்படி மாற்றச் சொல்லுங்கள். பிடுங்கிவிட்டால் நீங்களே செருக முயல வேண்டாம். சில மணி நேரம் உணவு போகாவிட்டால் ஒன்றும் ஆகாது.

ஒன்று மட்டும் ஆகும். டியூப் வெளியே வந்த நாளில், அல்லது வாந்தியால் உணவை நிறுத்திய நாளில், வழக்கம்போல் இன்சுலினைப் போட்டுவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். மயங்கிக் கிடப்பவருக்கு மேலும் மயக்கம் வந்தது வெளியே தெரியாது. உணவு பாதியாகக் குறைந்தாலே டாக்டரைக் கேட்டு ஊசி அளவைக் குறையுங்கள். இந்த நிலையில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் ஆபத்தில்லை. அதே கையோடு மாத்திரைப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டி, எது இனி தேவையில்லை என்று கேளுங்கள். பத்து வருடம் கழித்து வரப்போகும் மாரடைப்பைத் தடுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை முதலில் போகலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையில் ‘எஸ்ஆர்’, ‘எக்ஸ்ஆர்’ என்றிருப்பதையும் (மருந்தை மெதுவாக வெளிவிடுபவை), வழவழப்புப் பூச்சு போட்ட ஆஸ்பிரின், பான்டபிரசோல் போன்றவற்றையும் பொடிக்கக் கூடாது, மாற்று கேளுங்கள். மற்றவற்றைத் தனித்தனியே பொடித்துத் தண்ணீரில் கரைத்து, நடுவில் சிறிது தண்ணீர் விட்டுக் கொடுங்கள்.

புண்

ஒரு ரூபாய் அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே தெரிவது அவ்வளவு. உள்ளே எலும்புக்கு மேல் அகன்றிருக்கலாம், கூம்பைக் கவிழ்த்துவைத்த மாதிரி. தண்டுவட நுனி எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல் செத்துப்போவதுதான் படுக்கைப்புண். எனவே களிம்பைவிட அழுத்தத்தை எடுப்பதுதான் மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுதாக ஒருக்களிக்க வேண்டாம். இடுப்பெலும்பில் புதுப்புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி 30 டிகிரி சாய்த்தால் போதும், புண் கட்டிலைத் தொடாது. கெண்டைக்கால்களுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள்.

பழைய எட்டு முழ வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் விரித்து வையுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் அந்த வேட்டியைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் முதுகுத்தோல் உரியும். வலது தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்து தொங்குவதால் இறங்கிக்கொள்ளும். உங்கள் இடுப்பும் போய்விடும்.

ஏர் பெட் வாங்கினால் பக்கம் மாற்ற வேண்டாம் என்பது கடைக்காரர் பேச்சு. மாற்றத்தான் வேண்டும். அதன்மேல் ரப்பர் ஷீட், போர்வை, பெட்ஷீட் என்று அடுக்கினால் ஏர் பெட்டால் பயனில்லை. ஒரே ஒரு பருத்தித் துணி போதும். இடுப்புக்கு நேரே பெட்டுக்கு அடியில் உள்ளங்கையைச் செருகிப் பாருங்கள். அவர் எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் காற்று இறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ஸ்பிரிட் தடவுவது, பவுடர் கொட்டுவது, நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைப்பது ஆகிய நான்கும் கெடுதல்.

புண்ணைக் கழுவ, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு வளரும் புதுச் சதையையும் சேர்த்து எரிக்கும், வேண்டாம். நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கும். கறுத்த தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், நர்ஸ் வந்து வெட்டட்டும்.

பேசாதவருக்கு வலி

வலிக்கிறது என்று சொல்ல முடியாதவருக்கு வலி இல்லையென்று பொருளல்ல. பக்கம் மாற்றும்போது புருவம் சுருங்குகிறதா, முனகுகிறாரா, இடது கை எதையோ இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் வலது தோள், இறுகிப்போன விரல்கள், புண், அடைத்த மலம், நிரம்பிய சிறுநீர்ப்பை இவற்றில் ஒன்றாக இருக்கும். யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பை எப்போதும் கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டும். மலம் மூன்று நாள் போகாவிட்டால் நர்ஸிடம் சொல்லுங்கள். தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் போவதைப் பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே மலம் இறுகி அடைத்திருக்க, அதன் ஓரமாகக் கசிவதும் அப்படித்தான் இருக்கும். பாரசிட்டமால் 500 மில்லிகிராமை நாளுக்கு நான்கு முறை டியூப் வழியாக நேரம் தவறாமல் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ‘வலித்தால் கொடு’ என்பது பேச முடிந்தவருக்குத்தான் பொருந்தும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வேண்டாம், பல்லுக்கிடையில் ஸ்பூன் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க வேண்டிய, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் ஸ்பிரேயை எப்படிப் பயன்படுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்.

யாரைக் கூப்பிடுவது

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே ஆதரவு சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் காகிதத்தைக் காட்டிப் பெயரைப் பதியுங்கள். டியூப் மாற்ற, புண் கட்ட இவர்களே போதும். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பிரிவு எந்த நாளில் என்றும் அங்கேயே விசாரியுங்கள். கடும் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கும் மார்ஃபின் தேவைப்பட்டால் அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கும். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் அது முறைப்படி கிடைக்கிறது.

உள்ளூரில் ஒரு டாக்டர் மாதம் ஒருமுறையாவது வந்து பார்த்துவைப்பதும் முக்கியம். வீட்டில் இறப்பு நேர்ந்தால் காரணம் எழுதி 4ஏ படிவத்தில் சான்று தர வேண்டியவர் கடைசியாகச் சிகிச்சையளித்த டாக்டர். முன்பின் பார்த்திராதவர் அந்த நேரத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார். 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். ஊராட்சியென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம். ஆதார் நகல், டிஸ்சார்ஜ் காகிதம், டாக்டர் எண் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

முடிவு நெருங்கும்போது

சிறுநீர் பையில் அளவு குறைந்து தேன் நிறமாகும். கை கால் சில்லிடும், முழங்காலில் ஊதாத் திட்டுகள் தெரியும். கண் அரைகுறையாகத் திறந்தே இருக்கும். மூச்சு வேகமாக ஏறி, மெல்ல இறங்கி, அரை நிமிடம் நின்று, மறுபடி தொடங்கும். பார்ப்பவருக்குத்தான் நெஞ்சு பதறும். கூடவே தொண்டையில் அந்தக் கரகரப்பு. அது விழுங்கப்படாத எச்சில் மூச்சோடு உருளும் சத்தம். மயக்கத்தில் இருப்பவருக்கு அதில் திணறல் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய் ஓரம் வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். சக்‌ஷன் குழாயைத் தொண்டைக்குள் ஆழமாக விட்டால் ரத்தம் வரும், சளியும் கூடும். கிளைகோபைரோலேட் ஊசி புதிதாகச் சுரப்பதைக் குறைக்கும். சேர்ந்துவிட்டதை அகற்றாது, அதனால் சீக்கிரமே தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் டியூப் உணவை நிறுத்திவிடலாம். பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்ற எண்ணம் வரும். உடல் அணையத் தொடங்கியபின் குடல் வேலைசெய்யாது. ஊற்றியது நெஞ்சுக்குத்தான் ஏறும். ‘ஒரு குளுக்கோஸாவது ஏத்தியிருக்கலாமே’ என்று உறவுக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஏற்றிய நீர் சிறுநீராகப் போகாமல் நுரையீரலில் சேர்ந்து அந்தக் கரகரப்பை இரட்டிப்பாக்கும். இதை அவரிடம் டாக்டரே சொல்லட்டும். மூச்சுத் திணறல் தெரிந்தால் சிறிய அளவு மார்ஃபின் அதைத் தணிக்கும். சரியான அளவில் கொடுத்தால் உயிரைச் சுருக்காது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடுமுன் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பிப் பாருங்கள். இந்த மருந்துகளையும், தோலுக்கடியில் போட ஒரு சிறு ஊசியையும், அளவு எழுதிய சீட்டோடு டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வாங்கி வையுங்கள். நடு ராத்திரியில் யாராவது பதறி 108-ஐக் கூப்பிட்டால், வருகிறவர்கள் தங்கள் கடமைப்படி எமர்ஜென்சிக்குத்தான் கொண்டுபோவார்கள். அதனால் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்.

அம்மாவின் காப்பிக்கு வருகிறேன். டம்ளரிலோ ஸ்பூனிலோ விட வேண்டாம். இரண்டு சொட்டும் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகலாம். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் வாயை எப்படியும் துடைக்க வேண்டும். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்துவிடும். சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி, அம்மா போட்ட காப்பியில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என்று துடைக்கச் சொல்லுங்கள். பற்கள் திடீரென்று கடிக்கும், எனவே விரல் பக்கவாட்டில் இருக்கட்டும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, உதட்டில் துளி தேங்காயெண்ணெய். கடைசியில் பால் ஊற்றச் சொந்தங்கள் வரிசையில் நிற்கும்போதும் இதே முறைதான்: நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டில் தொட்டு வைக்கலாம். அதை அம்மா முதலில் செய்துகாட்டினால் பின்னால் வருபவர்களும் அப்படியே செய்வார்கள்.